குடியிருப்பவர் கூற்று

எந்த வீட்டுக்குள் போனாலும் அக்கா முதலில் பார்ப்பது குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டையைத்தான். வாசலில் செருப்பைக் கழற்றியதும், கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு நேராக அங்கே போவார். ஒரு மக் தண்ணீர் ஊற்றி, அது இறங்கும்வரை உதட்டுக்குள் எண்ணுவார். பிறகு குனிந்து மோந்து பார்ப்பார். அதற்குப் பிறகுதான் கூடம், சமையலறை, ஜன்னல் எல்லாம்.

"ஹால யார் வேணா பளபளன்னு வெச்சிருப்பாங்கம்மா. கக்கூச மோந்து பாத்தாத்தான் வூட்டுக்காரன் எப்படின்னு தெரியும்."

அது அவருடைய தொழில். மாமல்லபுரத்துக் கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியில் அறைகளைச் சரிபார்க்கும் வேலை. சுத்தம் செய்கிறவர்கள் முடித்துப் போனதும் உள்ளே நுழைந்து, கட்டிலுக்கு அடியில் கைவிட்டு, தலையணையைத் திருப்பி, குழாயைத் திறந்து மூடி, 'கொடுக்கலாம்' என்று சொல்ல வேண்டியவர். ஒருமுறை ஏசி சத்தம் போடும் அறையை, சொல்லாமல் கொடுத்துவிடும்படி மேலாளர் சொல்லியிருக்கிறார். அக்கா சாவியைக் கொடுக்கும்போதே, "சார், இந்த ஏசி விடியவிடியப் பேசிகினே கெடக்கும். அப்புறம் சொல்லலனு சொல்லக்கூடாது" என்று விருந்தினரிடம் சொல்லிவிட்டார். அந்த ஆள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு விடுதிக்குப் போய்விட்டார். அக்காவுக்கு ஒரு மாதம் துணி மடிக்கும் பிரிவில் வேலை. இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்புத் தாங்காது. "இன்னா பண்றது, வாயி நிக்க மாட்டேங்குது."

அவர் எனக்குக் கூடப் பிறந்த அக்கா இல்லை, கூப்பிட்டுப் பழகியதுதான். ஆனால் நான் பார்ப்பதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். சிங்கப்பெருமாள் கோயில் ஊருக்கு அருகில் ஒரு தொழிற்சாலையில் தரப் பொறியாளர். வெளியிலிருந்து வரும் உதிரிபாகங்களில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

அக்கா பதினோரு வருடம் வாடகைக்கு இருந்த வீட்டை நான் வாங்கினேன். இப்படி ஒரே வரியில் எழுதிப் பார்த்தால் அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை.

அதற்கு முன்னால் பதினாறு வீடுகள் பார்த்திருந்தேன். எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு. ஊரப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட். படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துக்காரர் பல் தேய்ப்பது தெரியும். கேளம்பாக்கத்தில் ஒன்று, மாதிரி வீடு மட்டும் முடிந்திருந்தது, உண்மையான வீடு இன்னும் கம்பியாக நின்றது. 'ஸ்டேஷன் ரெண்டு நிமிஷம் மேடம்' என்று தரகர் சொன்னால் நான் கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு நடந்து பார்ப்பேன். பதினான்கு நிமிடத்துக்குக் குறைந்து ஒரு ஸ்டேஷனும் வந்ததில்லை. அம்மா எல்லா வீட்டையும் "நல்லாத்தானே இருக்கு" என்பாள். எங்கள் குடும்பத்தில் சொந்த வீடு வாங்கப்போகும் முதல் ஆள் நான். தப்பாக வாங்கிவிடக் கூடாது என்ற பயத்தைத் தவிர எனக்கு வேறு அனுபவம் இல்லை.

பதினேழாவது, செங்கல்பட்டில் திருக்கழுக்குன்றம் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தனி வீடு. இரண்டு படுக்கையறை, மொட்டை மாடி, முன்னால் மூன்று படி. உரிமையாளர் தாம்பரம் பக்கம் மகனோடு இருந்தார். தரகர் கதவைத் தட்டியதும் திறந்தவர் அக்கா. வேலைக்குப் போகும் நீலப் புடவையில் இருந்தார்.

நான் என் பையிலிருந்து தண்ணீரின் உப்பு அளவு பார்க்கும் சின்னக் கருவியை எடுத்து, சமையலறைக் குழாயில் பிடித்த டம்ளருக்குள் வைத்தேன். அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"இன்னாம்மா, தண்ணிக்கு ஜொரமா? தர்மாமீட்டர் வெக்கிற?"

தரகர் சிரித்தார். நான் விளக்கினேன். அக்கா டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"இப்ப நல்லாத்தான் கீது. சித்திரைக்கு மேல வந்து வெய்யி. போர் தண்ணில பால் காய்ச்சுனா திரிஞ்சி போவும். குடிக்கக் கேன் வாங்கணும். சொல்லிட்டேன், அப்புறம் சொல்லலனு சொல்லக்கூடாது."

தரகரின் முகம் மாறியது. "யக்கா, நீ கொஞ்சம் உள்ள போயேன்."

"நான் எதுக்கு உள்ள போவணும் அண்ணாத்த? டப்பு குடுத்து வாங்கப் போவுது அந்தப் பொண்ணு. கண்ண மூடிகினா வாங்கும்?"

அன்று அவர் எனக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். நான் எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேர் காட்டப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒருவரும் காட்டியதில்லை. மேற்குப் பக்கத்து அறைச் சுவர் ஐப்பசி மழையில் முழங்கால் உயரத்துக்கு வேர்க்கும். தரைத் தொட்டியில் எங்கோ விரிசல். இரவு நிரப்பினால் காலையில் நாலு விரல் இறங்கியிருக்கும். சமையலறைத் தொட்டியின் குழாய்க்குச் சாய்வு போதாது. வாரம் ஒருமுறை வெந்நீர் ஊற்ற வேண்டும். கனமழையில் தெருத் தண்ணீர் இரண்டாவது படிவரை வரும். "மூணாவது படி ஏறுனது இல்ல. பொய் சொல்ல மாட்டேன்." ஒவ்வொன்றையும் சொல்லும்போது அந்த இடத்தைக் கையால் தொட்டார், சொந்தப் பிள்ளையின் முழங்கால் தழும்பைக் காட்டுகிற மாதிரி.

ஆட்டோவில் திரும்பும்போது அம்மா சொன்னாள்: "அவ உஷாரானவ. நாம வாங்கிட்டா காலி பண்ணணுமேன்னு பயமுறுத்தி அனுப்புறா."

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அடுத்த முறை போனபோது நேராகக் கேட்டுவிட்டேன். அக்கா முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய பெண் சுவரோரமாக உட்கார்ந்து உயிரியல் புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி.

"அட பைத்தியமே," என்றார் அக்கா. "நீ வாங்கணும்னுதான் நான் வேண்டிகினு கீறேன். ஓனர் எப்படியும் விக்கத்தான் போறாரு. வேற எவனாவது வாங்குனா மறுநாளே காலி பண்ணுன்னுவான். உங்கிட்டன்னா கேக்கலாம். இவளுக்கு மார்ச்சுல பரிச்ச. அது முடியற வரைக்கும் வுட்டுடு. அதுக்கு மேல ஒரு நாள் இருக்க மாட்டேன். வாடக உங்கிட்டயே குடுத்துடறேன்."

"கண்டிப்பா அக்கா," என்றேன். "பரிட்சை முடியட்டும்."

அவருடைய பெண் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

நான் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர், வாங்குபவளிடம் ஏன் குறைகளை அடுக்கினார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அவரால் வேறு மாதிரி வீடு காட்ட முடியாது, அவ்வளவுதான். இதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஊரப்பாக்கத்து ஃபிளாட்டை உரிமையாளர் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னபோது, அக்காவுக்கு வாராந்திர விடுமுறையான செவ்வாய்க்கிழமையில் அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வேர்க்கடலை தின்றுகொண்டே வந்தார். ஃபிளாட்டுக்குள் போனதும் வழக்கம்போலக் குளியலறை. பிறகு சமையல் மேடைக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறந்து தலையை முழுவதுமாக உள்ளே விட்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"கரையான்! மருந்து அடிச்சிட்டு மேல பெயின்ட் அடிச்சிகீறாங்க!"

வீட்டுக்காரர் என்னிடம் ரகசியமாக, "இவங்க சிவில் இன்ஜினியரா மேடம்?" என்று கேட்டார். திரும்பும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அக்கா. "வூட்டுல போயி எம் பொண்ணுகிட்ட சொல்லணும். உங்கம்மா இஞ்சினீருடின்னு."

ஆக, செங்கல்பட்டு வீடுதான் என்று முடிவாயிற்று. நான் ஒரு விலை சொன்னேன். உரிமையாளர் மூன்று லட்சம் கூடுதலாகக் கேட்டார். தரகர் சொன்னார்: "சும்மா கொறைங்கன்னா அவரு கொறைக்க மாட்டாரு மேடம். எதுக்குக் கொறைக்கணும்னு எழுதிக் குடுங்க. வாத்தியார் மாதிரி, எழுத்துல இருந்தாத்தான் நம்புவாரு."

எழுதிக் கொடுப்பது எனக்குப் பழக்கமான வேலை. ஏற்கெனவே கணினியில் வைத்திருந்த பட்டியலைச் சரிசெய்தேன். மொத்தம் இருபத்திரண்டு குறைகள். முதல் பத்தியில் வரிசை எண், அடுத்து இடம், அடுத்து குறை, அடுத்து சரிசெய்ய ஆகும் உத்தேசச் செலவு. கடைசியில் 'ஆதாரம்'. எங்கள் தொழிற்சாலையில் ஆதாரம் எழுதாத குறையை யாரும் படிக்கக்கூட மாட்டார்கள். அதனால் கை தானாகவே எழுதியது. சிலவற்றுக்கு 'நேரில் அளந்தது'. சிலவற்றுக்கு 'புகைப்படம்'. ஒன்பது குறைகளுக்கு நேராக 'குடியிருப்பவர் கூற்று'.

அக்கா சொன்னதை இப்படித் தனியாகக் குறிக்க ஆரம்பித்தது மட்டும் வேறு காரணத்துக்காக. அம்மா கிளப்பிய சந்தேகத்தால், அக்கா சொன்னவற்றை மற்றவற்றோடு கலக்காமல் தனியாக அடையாளம் வைத்திருந்தேன். பிறகு அவரை நம்பியபோதும் அடையாளத்தை எடுக்கவில்லை.

அனுப்புவதற்கு முன் திரையில் அந்த 'ஆதாரம்' பத்தியைப் பார்த்தேன். அதை எடுக்க மறந்து அனுப்பிவிட்டேன் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். பார்த்தேன். அதை மறைத்துவிட்டு அனுப்ப அரை நிமிடம் போதும். ஆனால் பதினோரு வருடம் அங்கே வாழ்ந்த ஒருவரே சொல்கிறார் என்றால் உரிமையாளரால் மறுக்க முடியாது, பட்டியல் பலமாக இருக்கும் என்று தோன்றியது. அது அக்காவை என்ன செய்யும் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. வரிசை எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும் இன்னொரு முறை பார்த்துவிட்டு அனுப்பினேன்.

மறுநாள் மதியம் நான் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தபோது உரிமையாளர் அழைத்தார்.

"உங்க லிஸ்ட் பார்த்தேன்மா. நல்லா பண்ணியிருக்கீங்க. நீங்க கேட்ட விலைக்கே தர்றேன்."

எனக்குக் கையில் சோறு இருந்ததே மறந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு. பதினோரு வருஷத்துல மூணே தடவதான் வாடக ஏத்தியிருக்கேன். எங்க வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டு சாப்பாடு போட்டிருக்கேன். அவ என் வீட்டப் பத்தி ஊருக்கெல்லாம் கூற்று குடுத்துட்டு இருக்கா. வீட்டக் காலியாத்தான் உங்களுக்குக் குடுப்பேன். டிசம்பர் முடியறதுக்குள்ள அவ வெளிய போகணும். அதுல நீங்க தலையிடக் கூடாது. சம்மதமா?"

கார்த்திகை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. எனக்குத் தெரிந்த கணக்குகள் எல்லாம் மனத்தில் ஓடின: வங்கி தரச் சம்மதித்த கடன், கையிலிருந்த சேமிப்பு, மூன்று லட்சம். தலையிட்டால் அவர் பழைய விலைக்குப் போய்விடலாம். வேறு ஆளுக்கே கொடுத்துவிடலாம். எதிர் மேசையில் யாரோ தயிர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சரி சார்," என்றேன்.

பட்டியலை அனுப்பியது யோசனை இல்லாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ள முடிகிறது. இந்த 'சரி'யை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா பேசினார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"ஓனர் வந்தாரும்மா. உன் லிஸ்ட்ட படிச்சிக் காட்டுனாரு. நான் சொன்னத அப்படியேவா எழுதிகினே?"

"ஆமாக்கா."

"நல்லாத்தான் எழுதிகீற. ஒண்ணு கூடத் தப்பு இல்ல." பின்னால், அவரை ஏற்றிப்போக வரும் விடுதி வண்டியின் ஒலிப்பான் கேட்டது. "என் பேர எதுக்கும்மா போட்ட?"

"பேர் போடலக்கா. குடியிருப்பவர்னுதான்…"

"அந்த வூட்டுல வேற யாரு குடியிருக்கறா?"

நான் கைப்பேசியை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சரி, வுடு. நீ ஒரு வார்த்த சொல்லும்மா. உனக்கு விக்கத்தானே போறாரு, நீ சொன்னா கேப்பாரு. மார்கழில எவ வூடு மாத்துவா? எவன் வூடு குடுப்பான்? பரிச்ச வரைக்கும்னு நீயே சொன்னியே."

"ரிஜிஸ்ட்ரேஷன் முடியட்டும்க்கா. முடிஞ்சதும் பேசறேன்."

பத்திரப் பதிவு தையில். அவர் வெளியேற வேண்டியது மார்கழியில். இரண்டு தேதியும் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

"ம்," என்றார். "வேலைக்கு நேரமாச்சி. வெக்கிறேன்."

அவர் தெருத் தெருவாக வீடு தேடியதைத் தரகர் சொல்லித்தான் அறிந்தேன். மார்கழியில் புதிதாகக் குடிவைக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. தை பிறந்ததும் வாருங்கள் என்றார்களாம். கிடைத்த ஒரு வீட்டிலும் இவர் குளியலறையை மோந்து பார்த்துவிட்டு வாயைத் திறக்க, வீட்டுக்காரம்மா சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். அந்தச் செய்தியைத் தரகர் ஒரு வேடிக்கையாகத்தான் சொன்னார். கடைசியில் கேளம்பாக்கத்தில் தங்கை வீட்டு மாடியில் தகரம் போட்ட ஓர் அறைக்குப் போனார்கள். அவருடைய கணவர் லாரி ஓட்டுகிறவர். மாதம் ஒருமுறைதான் வருவார். அந்த ஒரு நாளில் சாமான்களை ஏற்றி இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அவர்கள் காலி செய்த அன்று நான் போகவில்லை. தொழிற்சாலையில் தணிக்கை இருக்கிறது என்று அம்மாவை அனுப்பினேன். தணிக்கை மறுநாள்தான். அம்மா திரும்பி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள்:

"வீட்டக் கழுவிக் கோலம் போட்டு வெச்சிருந்தாடி. ஆணி அடிச்ச ஓட்டையெல்லாம் வெள்ளை சிமென்ட் வெச்சு அடைச்சிருக்கா. என்னைக் கூட்டிட்டுப் போயி எந்த ஸ்விட்ச் எந்த லைட்டுன்னு ஒவ்வொண்ணா போட்டுக் காமிச்சா." பிறகு, "நாம அவளத் தப்பா நெனச்சிட்டோம்" என்றாள்.

நாம் என்றது பெருந்தன்மை. அம்மா தப்பாக நினைத்ததோடு சரி.

தை கடைசியில் பதிவு முடிந்தது. உடனே குடிபோக முடியாது என்றாள் அம்மா. மாசி கூடாது, பங்குனி கூடாது. சித்திரையில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சலாம். எனக்கு அவற்றில் நம்பிக்கை கிடையாது. ஆனால் சிங்கப்பெருமாள் கோயிலில் நாங்கள் இருந்த வாடகை வீட்டுக்கு ஏப்ரல்வரை ஒப்பந்தம் இருந்தது. அதனால் ஒத்துக்கொண்டேன். இப்படியாக, மார்கழி பாதியிலிருந்து சித்திரைவரை அந்த வீடு பூட்டிக் கிடந்தது. அவர்கள் கேட்டிருந்த அதே மாதங்கள்.

மார்ச்சில் ஒரு நாள் காலை, அலமாரி வேலைக்கு அளவெடுப்பதற்காக ஏழரை மணிக்கே வந்தேன். வெளிக் கதவைத் திறக்கும்போதுதான் பார்த்தேன். முன்படியில் அக்காவின் பெண் உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடை, மடியில் புத்தகம், பக்கத்தில் தண்ணீர் பாட்டில், தேர்வு எழுதும் கண்ணாடி அட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"சாரிக்கா. கேட்டு சும்மாதான் சாத்தியிருந்திச்சி. பத்து மணிக்குப் பரிச்ச. அடுத்த பஸ்ஸுல வந்தா திருப்போரூர்ல கூட்டம், லேட்டாயிடும். அதான் மொத பஸ்ஸுல வந்துட்டேன்."

"எத்தன மணிக்குக் கிளம்பின?"

"அஞ்சரைக்கு."

இது அவளுக்கு இரண்டாவது தேர்வு. இன்னும் நான்கு பாக்கி. சாவி என் கையில் இருந்தது.

"உள்ள வந்து உக்காந்து படி," என்றேன். "ஃபேன் போடறேன். மத்த நாளும் வேணும்னா…"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த அளவு நாடாவைப் பார்த்தாள்.

"வேணாம்க்கா. ஸ்கூல் கேட்ட தொறந்திருப்பாங்க."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க." பாட்டிலை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "அம்மாகிட்ட நான் இங்க உக்காந்தேன்னு சொல்லாதீங்க. திட்டுவாங்க."

பள்ளி வாசல் ஒன்பதுக்கு முன் திறக்காது என்று எனக்குத் தெரியும். இரண்டு முறை கூப்பிட்டிருந்தால் அவள் வந்திருக்கலாம். சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் போயிருக்கலாம். அவள் வேண்டாம் என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மீதி நான்கு தேர்வு நாட்களிலும் அந்தத் தெருப்பக்கம் நான் வரவில்லை.

அவள் முனை திரும்பும்வரை படியில் நின்றேன். பிறகு உள்ளே போய் மேற்கு அறையின் சுவரை அளந்தேன். பத்தடி நான்கு அங்குலம். எழுதிக்கொண்டேன்.